பந்தலுக்கு ஓர் உத்தரவு

போடிநாயக்கனூரிலிருந்து மேற்கே மலையேறும் ரஸ்தா பதினேழு கொண்டையூசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டை அடைகிறது. அதற்கப்பால் கேரள ராஜ்யம், ஏலத் தோட்டங்கள், பூப்பாறை, மூணாறு. சித்திரை வைகாசியில் சமவெளியின் வெக்கை பொறுக்காமல் மலையை நாடும் ஜனங்கள் இவ்வழியே கூட்டம் கூட்டமாகச் செல்கிறார்கள். ஏலக்காய் பறிப்புக் காலம் வந்துவிட்டால், பொழுது புலருமுன்பே தோட்டக் கூலிப் பெண்களை ஏற்றிக் கொண்டு ஜீப்புகள் வரிசையாக மலையேறுகின்றன. பறித்து உலர்த்திய காய், போடியிலும் இடுக்கி ஜில்லாவிலுள்ள புற்றடியிலும் ஏலத்துக்கு வருகிறது. 1928-ல் போடிக்கு வந்த ரயில் 2010-ம் வருஷக் கடைசியில் நின்று, பாதை அகலமாக்கப்பட்டபின் 2023 ஜூன் 15 முதல் மறுபடியும் ஓடுகிறது. வருவோரும் போவோரும் இப்படி மலிந்த ஊரில், சோற்றுக் கடைக்கும் டீக் கடைக்கும் வேலை குறையாது என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்த வேலை பன்னிரண்டு மாதமும் ஒரே அளவில் இருப்பதில்லை. இரண்டு மாதம் வெள்ளம். நான்கு மாதம் வறட்சி.

ஒரு சாதாரண ஹோட்டல்காரரை எடுத்துக் கொள்வோம். அவர் கடையில் இருபது பேர் உட்காரலாம். பருவ காலத்தில் ஒரே நேரத்தில் நாற்பது ஐம்பது பேர் வந்து நிற்கிறார்கள். இரண்டு மாதத்துக்காக அவர் ஒரு கூடம் கட்ட முடியாது. கட்டினால் மீதிப் பத்து மாதம் அதன் வாடகையும் வட்டியும் அவரைத் தின்றுவிடும். ஆகவே நம் முன்னோர் என்ன செய்தார்களோ அதையே அவரும் செய்ய நினைக்கிறார். கடைக்கு முன்னால் நாலு கால் நட்டு, வெயிலுக்குக் கிடுகு வேய்ந்து, அல்லது சாரலுக்குத் தார்ப்பாய் கட்டி, ஆறு மேஜை போட வேண்டும். பதினைந்தடி அகலம், இருபதடி நீளம். முந்நூறு சதுர அடிப் பந்தல்.

இந்தப் பந்தலைப் போட அவருக்கு யாருடைய உத்தரவு வேண்டும்? இதுவே நாம் இன்று ஆராய எடுத்துக் கொண்ட விஷயம். தேசத்தில் எத்தனையோ பெரிய பிரச்னைகள் இருக்க, ஒரு பந்தலைப் பற்றி எழுதப் பத்தி தேவையா என்று வாசகர்களில் சிலர் கேட்கக் கூடும். சர்க்காரின் பெரிய திட்டங்களைக் குடிமகன் பத்திரிகையில் படிக்கிறான். சர்க்காரை அவன் நேருக்கு நேர் சந்திப்பதோ இத்தகைய சிறு காரியங்களில்தான். அங்கே அவனுக்குக் கிடைக்கும் மரியாதையே அவன் அறிந்த சுயராஜ்யம்.

எத்தனை வாசல்கள்?

முதல் கேள்வி: பந்தல் நிற்கப் போகும் நிலம் யாருடையது?

அது நகரசபையின் தெருவானால் நகரசபையிடம் போக வேண்டும். தெருவிலும் பொது இடங்களிலும் தற்காலிகப் பந்தல் போடுவதற்கு லைசென்ஸ் கொடுக்கும் அதிகாரம் 1920-ம் வருஷத்து ஜில்லா முனிசிபாலிடிகள் சட்டத்திலேயே இருந்தது. அந்தச் சட்டம் ஒரு நூற்றாண்டுக்கு மேல் நம்மை ஆண்டது. அதன் இடத்தில் வைப்பதற்காக 1998-ல் இயற்றப்பட்ட நகர்ப்புற ஸ்தல ஸ்தாபனங்கள் சட்டம் நெடுங்காலம் உறங்கிக் கிடந்து, 2023-ல்தான் விதிகளுடன் முழுமையாக நடைமுறைக்கு வந்தது.

அது நகரசபைத் தெருவாக இல்லாமல் நெடுஞ்சாலையாக இருந்தால் வாசல் வேறு. போடி வழியாக மூணாறு செல்லும் ரஸ்தா கொச்சியையும் மதுரையையும் இணைக்கும் 85-ம் நெம்பர் தேசிய நெடுஞ்சாலை. அதன் நிலத்தில் ஒரு கால் நடுவதானாலும் 2002-ம் வருஷத்து மத்திய சட்டம் குறுக்கே நிற்கும். ராஜ்ய நெடுஞ்சாலையானால் 2001-ம் வருஷத்துத் தமிழ்நாடு நெடுஞ்சாலைச் சட்டம். புறம்போக்கானால் 1905-ம் வருஷத்து நில ஆக்கிரமிப்புச் சட்டம். இது வெள்ளைக்காரன் வைத்துவிட்டுப் போனது.

"எவர் நிலத்திலும் நான் கால் வைக்கவில்லை, என் சொந்த முற்றத்தில்தான் போடுகிறேன்" என்று ஹோட்டல்காரர் சொல்லலாம். அப்போது 1971-ம் வருஷத்து நகர, ஊரமைப்புச் சட்டம் எழுந்து வருகிறது. அந்தச் சட்டத்தின் கீழ் ஊர் நிலமெல்லாம் குடியிருப்பு, வர்த்தகம், தொழில், விவசாயம் என்று உபயோகத்துக்குத் தக்கபடி பகுதி பகுதியாகப் பிரிக்கப்படுகிறது. எந்தப் பகுதியில் எதைச் செய்யலாம், கட்டிடத்தைச் சுற்றி எவ்வளவு இடம் காலியாக விட வேண்டும், வண்டி நிறுத்த எவ்வளவு விட வேண்டும் என்பதையெல்லாம் 2019-ம் வருஷத்து ஒருங்கிணைந்த கட்டிட விதிகள் கூறுகின்றன. ஹோட்டல்காரரின் முற்றம் பெரும்பாலும் இப்படிக் காலியாக விடப்பட வேண்டிய இடமாகவே இருக்கும். காற்றும் வெளிச்சமும் வருவதற்கும், தீப்பிடித்தால் தீயணைப்பு வண்டி நெருங்குவதற்கும் விடப்பட்ட இடம் அது. அதை மூடிப் பந்தல் போட்டால், சொந்த நிலத்திலேயே அவர் சட்டத்தை மீறியவராகிறார்.

இவற்றோடு, சோறு விற்பதால் 2006-ம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி ரிஜிஸ்தர் செய்திருக்க வேண்டும். அடுப்பு எரிவதால் தீயணைப்பு இலாகாவின் கேள்விகள் உண்டு. ஊரை விட்டு மலைச் சரிவுக்குப் போனால், மலைப் பகுதிகளின் பாதுகாப்புக்காக 1990-ல் சர்க்கார் அமைத்த குழுவின் பட்டியலில் அந்தக் கிராமம் உள்ளதா என்று பார்க்க வேண்டும். காட்டோரமானால் வன இலாகா.

இவற்றில் எந்தச் சட்டமும் அநியாயமானது என்று நாம் சொல்லவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் உண்டு. கஷ்டம் எங்கே வருகிறதென்றால், இவையெல்லாம் நிலைத்து நிற்கும் கட்டிடத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. பந்தலோ அறுபது நாளைக்கு நின்று பிரிந்து போவது. சட்டத்தின் கண்ணுக்கு அது கட்டிடமும் அல்ல, வெற்றிடமும் அல்ல.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பருவம் அறுபது நாள். விண்ணப்பம் ஒரு மேஜையிலிருந்து அடுத்த மேஜைக்கு நகர்ந்து, ஸ்தலப் பார்வை நடந்து, உத்தரவு வர நாற்பத்தைந்து நாள் ஆகிறதென்று வைத்துக் கொள்வோம். மிஞ்சுவது பதினைந்து நாள். விண்ணப்பம் பழுப்பதற்குள் பருவம் உதிர்ந்துவிடுகிறது. ஆகவே விவேகமுள்ள எந்த வியாபாரியும் விண்ணப்பமே போடாமல் பந்தலைப் போட்டுவிடத்தான் நினைப்பான். அந்த நிமிஷத்திலிருந்து அவன் அதிகாரியின் தயவில் வாழ்கிறவனாகிறான். "பிடுங்கி எறிவேன்" என்று சொல்ல ஒருவருக்கு உரிமை இருக்கும்வரையில், பிடுங்காமல் இருப்பதற்கு ஒரு விலையும் இருக்கும். அந்த விலைக்கு ரசீது கிடையாது. உத்தரவு கிடைக்க வழியில்லாத இடத்தில் லஞ்சம் முளைப்பது இயற்கை.

தீயின் சாட்சி

"அப்படியானால் பந்தலுக்கு உத்தரவே வேண்டாம் என்று விட்டுவிடலாமே!" என்று சில நண்பர்கள் சொல்லுவார்கள். அவர்களுக்குத் தமிழ்நாட்டின் அண்மைக் கால சரித்திரத்தை நினைவூட்ட விரும்புகிறோம்.

1997 ஜூன் மாதம் தஞ்சைப் பெரிய கோவில் கும்பாபிஷேகத்தின்போது யாகசாலைப் பந்தல் தீப்பற்றியது. நாற்பதுக்கும் மேற்பட்ட பக்தர்கள் மாண்டார்கள். 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் ஒரு கீற்றுக் கொட்டகை எரிந்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் வெந்து மடிந்தார்கள். 2004 ஜனவரி 23-ம் தேதி ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் போட்டிருந்த கீற்றுப் பந்தல் பற்றிக் கொண்டது. மணமகன் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அதே வருஷம் ஜூலை 16-ம் தேதி கும்பகோணத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக் கூரை எரிந்து 94 குழந்தைகள் கருகினார்கள்.

நான்கு சம்பவங்களிலும் எரிந்தது கிடுகும் கீற்றும்தான். கிடுகு நிழல் தருவதிலே ஈடற்றது, எரிவதிலும் ஈடற்றது. அதன் கீழே விறகடுப்போ வாயு அடுப்போ வைத்து எண்ணெய்ச் சட்டி ஏற்றி, வெளியேற ஒரே வழியும் விட்டு, ஐம்பது பேரை உட்கார வைப்பது எத்தகைய காரியம் என்று வாசகர்களே யோசிக்கட்டும். தார்ப்பாய் நனையாது என்ற ஒரே காரணத்தால் அதைப் பத்திரமானது என்று எண்ணுவோரும் உண்டு. அது உருகிச் சொட்டும்போதுதான் அதன் குணம் தெரியும்.

ஆகவே உத்தரவு வேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. அந்த உத்தரவு உயிரைக் காக்கிறதா, அல்லது பைலை மட்டும் காக்கிறதா என்பதே கேள்வி. கும்பகோணத்துக்குப் பிறகு பள்ளிக் கூரைகளிலிருந்து கீற்றை அகற்றும்படி சர்க்கார் கண்டிப்பாக உத்தரவிட்டது. 94 குழந்தைகளின் உயிரைக் கொடுத்து வாங்கிய உத்தரவு அது.

மலைச் சரிவில்

போடிக்கு இன்னொரு துயர நினைவும் உண்டு. 2018 மார்ச் 11-ம் தேதி, கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கி வந்து கொண்டிருந்த மலையேற்றக் குழுவினர் காட்டுத் தீயில் சிக்கினார்கள். சென்னையிலிருந்தும் கொங்கு நாட்டிலிருந்தும் வந்திருந்தவர்கள். இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அவர்கள் எந்தப் பாதைக்கு யாரிடம் அனுமதி பெற்றார்கள் என்ற விசாரணை அதற்குப் பிறகுதான் நடந்தது. மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகளும் அந்த வருஷமே, அதற்குப் பிறகே வந்தன.

2021 ஜனவரியில் வயநாட்டு மேப்பாடியில், ஒரு விடுதியார் திறந்த வெளியில் அடித்திருந்த கூடாரத்தில் தங்கிய பெண்மணியைக் காட்டு யானை கொன்றது. அந்தக் கூடாரங்களுக்கு முறையான அனுமதி உண்டா என்ற கேள்வியும் அதன் பிறகே எழுந்தது. மரணத்துக்குப் பின் நடக்கும் அனுமதி விசாரணையால் மாண்டவருக்கு என்ன பயன்?

இந்த இரண்டு சம்பவங்களையும் நாம் இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. ஊருக்குள் கடைவாசலில் போடும் பந்தலும், ஏலமலைச் சரிவில் யானை நடமாடும் தடத்தில் அடிக்கும் கூடாரமும் பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றலாம். இரண்டும் துணியும் கோலும்தான். ஆனால் அவற்றின் அபாயம் ஒன்றல்ல. முன்னதற்கு உத்தரவு எளிதாகவும் விரைவாகவும் கிடைக்க வேண்டும். பின்னதற்கு அரிதாகவே கிடைக்க வேண்டும். பல இடங்களில் கிடைக்கவே கூடாது. மலைச் சரிவில் ஒரு கூடாரம் என்றால், அதற்கு வண்டிப் பாதை, குழி வெட்டிய கக்கூஸ், இரவெல்லாம் விளக்கு, குப்பை, அந்தக் குப்பையை நாடி வரும் மிருகம் என்று ஒவ்வொன்றாகத் தொடர்ந்து வரும். நமது நடைமுறையோ தலைகீழாக இருக்கிறது. ஊர்த் தெருவிலுள்ள சிறு கடைக்காரர் எல்லோர் கண்ணிலும் படுகிறார். ஆகையால் எல்லோராலும் கேட்கப்படுகிறார். மலையில் கூடாரம் அடித்தவனைத் தேடிக் கொண்டு எவரும் எளிதில் ஏறுவதில்லை.

நீர்மோர்ப் பந்தல்

இனி நமது வாசகர்களில் பலரைச் சற்று நெருக்கமாகத் தொடும் விஷயத்துக்கு வருகிறோம். நம் பத்திரிகையைப் படிப்போரில் அரசியல் தொண்டர்கள் மிகுதி. ஒவ்வொரு கோடையிலும் எல்லாக் கட்சிகளும் தண்ணீர்ப் பந்தலும் நீர்மோர்ப் பந்தலும் திறக்கின்றன. மிக நல்ல காரியம். தாகத்துக்குத் தண்ணீர் கொடுப்பதைத் தமிழர் பெரும் அறமாகவே மதித்து வந்திருக்கிறார்கள். திங்களூர் அப்பூதியடிகள் வைத்த தண்ணீர்ப் பந்தலின் கதை பெரிய புராணம் அறிந்தவர்களுக்குப் புதியதல்ல. அவர் அந்தப் பந்தலுக்குத் தம் பெயரைச் சூட்டவில்லை. தாம் கண்ணால் கண்டிராத திருநாவுக்கரசரின் பெயரைச் சூட்டினார். நாவுக்கரசரே அங்கு வந்து, "உம் பெயரை எழுதாமல் வேறொருவர் பெயரை எழுதியது ஏன்?" என்று வினவும்படி ஆயிற்று.

இன்றைய பந்தல்களில் அந்தக் கேள்விக்கு இடமில்லை! பந்தலின் அளவைவிடத் திறப்பாளரின் படம் பெரியதாக இருக்கிறது. அது போகட்டும். நாம் கேட்பது வேறு. நாற்சந்தியில், பாதசாரிகள் நடக்கும் இடத்தை அடைத்துப் போடப்படும் இந்தப் பந்தல்களுக்கும் வளைவுகளுக்கும் எத்தனை பேர் லைசென்ஸ் வாங்குகிறார்கள்? பக்கத்திலே ஹோட்டல்காரரின் பந்தலைப் பார்த்து, "இதற்கு உத்தரவு எங்கே?" என்று கேட்கும் அதிகாரி, கட்சிப் பந்தலைக் கண்டதும் வேறு பக்கம் பார்த்துக் கொண்டு போவது ஏன்?

இதன் விலையையும் நாம் கண்டிருக்கிறோம். 2019 செப்டம்பரில் சென்னைப் பள்ளிக்கரணையில், ஓர் அரசியல் பிரமுகர் இல்லத் திருமணத்துக்காக ரஸ்தாவின் நடுவில் அனுமதியின்றி வைக்கப்பட்டிருந்த பதாகை ஒன்று சரிந்து, இரு சக்கர வண்டியில் சென்ற இளம் பெண்மீது விழுந்தது. தடுமாறி விழுந்தவர்மீது தண்ணீர் லாரி ஏறியது. சென்னை ஹைக்கோர்ட்டு சர்க்காரைக் கடுமையாகக் கண்டித்தது. கோர்ட்டு கண்டிக்கும் வரையில் காத்திராமல், நம் தொண்டர்கள் தாமாகவே ஒரு விரதம் மேற்கொள்ளலாகாதா? உத்தரவுச் சீட்டை ஒட்டாத பந்தலில் எங்கள் கட்சிக் கொடி பறக்காது என்று ஒரு கட்சி தீர்மானித்தால், மற்றக் கட்சிகளும் வெட்கத்துக்காவது பின்பற்றும். சட்டம் எளியவனுக்கு மட்டும் என்ற எண்ணம் நாட்டில் வேரூன்றிவிட்டால், எந்தச் சட்டத்தையும் எவனும் மதிக்க மாட்டான்.

பூக்காரியின் கூடை

இன்னொருவரையும் நாம் மறந்துவிடக் கூடாது. ஹோட்டல்காரர் தெருவில் பத்தடி முன்னே வந்தால், அந்தப் பத்தடியில் ஏற்கெனவே உட்கார்ந்திருந்த பூக்காரியும் கொய்யாப் பழக்காரரும் எங்கே போவார்கள்?

பாதையோர வியாபாரம் பிரஜையின் தொழிலுரிமையில் அடங்கியது, ஆனால் அது ஒழுங்குக்கு உட்பட்டது என்று சுப்ரீம் கோர்ட்டு 1989-ல் தீர்ப்பளித்தது. 2010-ல் இதற்கென்று தனிச் சட்டமே செய்யும்படி கூறியது. அதன் பயனாக 2014-ம் வருஷத்துத் தெரு வியாபாரிகள் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. ஒவ்வொரு ஊரிலும் வியாபாரக் குழு அமைக்க வேண்டும்; அதில் நூற்றுக்கு நாற்பது பேராவது தெரு வியாபாரிகளாக இருக்க வேண்டும்; அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள்; கணக்கெடுப்பு முடியாமல் எவரையும் அப்புறப்படுத்தலாகாது; அப்புறப்படுத்துவதானாலும் முப்பது நாள் அறிவிப்பு வேண்டும் என்றெல்லாம் அது கூறுகிறது. ஆகவே தெருவில் பருவப் பந்தலுக்கு உத்தரவு கொடுக்கும்போது இந்தக் குழுவின் அபிப்பிராயத்தையும் கேட்பது நியாயம். கடைக்குச் சொந்தக்காரர் என்பதால் கடைக்கு முன்னாலுள்ள தெருவும் அவருக்குச் சொந்தமாகிவிடாது. கைக்குழந்தையோடு நடக்கும் தாய்க்கும், கோலூன்றி வரும் கண்ணிழந்தவருக்கும், தலைச்சுமை எடுத்துச் செல்பவருக்கும் உரியது அந்தத் தெரு.

பிற நாடுகள் என்ன செய்தன?

2020-ல் கொரோனா என்னும் கொள்ளை நோய் உலகைப் பிடித்தபோது, நான்கு சுவருக்குள் உட்கார்ந்து உண்பது அபாயமாயிற்று. ஹோட்டல்கள் தெருவுக்கு வந்தன. பருவப் பந்தல் உலகப் பிரச்னையாயிற்று.

இங்கிலாந்தில் அந்த வருஷமே ஒரு சட்டம் செய்தார்கள். நடைபாதையில் மேஜை போட விரும்புவோரின் விண்ணப்பத்தின்மேல் ஏழு நாள் பொதுஜன அபிப்பிராயம் கேட்க வேண்டும். அடுத்த ஏழு நாளில் முடிவு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் லைசென்ஸ் கொடுத்ததாகவே பாவிக்கப்படும். 2023-ல் இதை நிரந்தரமாக்கி, ஏழைப் பதினான்காக உயர்த்தினார்கள். கட்டணத்துக்கும் உச்ச வரம்பு கட்டினார்கள்: முதல் முறை 500 பவுன், புதுப்பிக்க 350 பவுன். பாரிஸ் நகரம் 2021-ல் செய்த விதிகளின்படி, கோடைப் பந்திகள் ஏப்ரல் முதல் தேதியிலிருந்து அக்டோபர் கடைசி வரை மட்டுமே. இரவு பத்து மணிக்குக் கடை எடுத்துவிட வேண்டும், அக்கம்பக்கத்தார் தூங்க வேண்டுமல்லவா? நியூயார்க்கில் முதலில் தாராளமாக விட்டார்கள். தெருவில் மரக் கொட்டகைகள் முளைத்தன. எலியும் இரைச்சலும் பெருகின என்று புகார்கள் எழுந்தன. 2023-ல் சட்டம் செய்து, வண்டிப் பாதையிலுள்ள பந்திகள் ஏப்ரல் முதல் நவம்பர் 29 வரை மட்டுமே இருக்கலாம், குளிர் காலத்தில் பிரித்துவிட வேண்டும் என்று விதித்தார்கள். அங்கும் விண்ணப்பத் தாள்களும் செலவும் அதிகமென்று சிறிய ஹோட்டல்காரர் பலர் விலகிக் கொண்டார்கள். அளவுக்கு மீறிய தாராளமும் அளவுக்கு மீறிய கெடுபிடியும் ஆகிய இரண்டின் பலனையும் அந்த ஒரு நகரமே அனுபவித்தது.

அந்நிய நாட்டைப் பார்த்துத்தான் நாம் கற்க வேண்டுமென்பதில்லை. கூடாரத்துக்கு லைசென்ஸ் கொடுக்கும் வித்தை நமக்குப் பழகியதே. 1905-ல் சாமிக்கண்ணு வின்சென்ட் படம் காட்டும் கருவியை வாங்கிக் கொண்டு ஊர் ஊராகக் கூடாரம் அடித்த நாளிலிருந்து, டூரிங் கொட்டகைகள் தமிழ்நாட்டுக் கிராமங்களில் பல தலைமுறை நடந்தன. அவற்றுக்குக் கால வரம்பு உண்டு. வழிகள், தீயணைப்பு மணல் வாளி, படக் கருவி அறை எல்லாவற்றுக்கும் விதிகள் உண்டு. சினிமாவுக்குக் கூடாரம் அடிக்கச் சட்டம் வகுத்த நமக்கு, சோற்றுக்குப் பந்தல் போட ஒரு கிரமம் வகுக்க முடியாதா?

நமது யோசனை

2024 ஜூலையில் தமிழ்நாட்டு சர்க்கார் ஒரு நல்ல காரியம் செய்தது. 2,500 சதுர அடிக்கு மேற்படாத மனையில் 3,500 சதுர அடி வரை குடியிருப்பு வீடு கட்டுவோர், தாமே உறுதிமொழி கொடுத்து இணையத்தின் மூலம் உடனே அனுமதி பெறலாம் என்று அறிவித்தது. நூறு வருஷம் நிற்கப் போகும் மாடி வீட்டுக்குக் குடிமகனின் சொல்லை நம்பலாம் என்றால், அறுபது நாள் நிற்கும் முந்நூறு சதுர அடிப் பந்தலுக்கு ஏன் நம்பக் கூடாது? ஆகவே நாம் கூறும் யோசனைகள் இவை:

முதலாவது, பருவப் பந்தலுக்கென்று ஒரே விண்ணப்பத் தாள் இருக்கட்டும். அதை வாங்கும் இடமும் ஒன்றாக, நகரசபையாக இருக்கட்டும். மற்ற இலாகாக்களைக் கேட்க வேண்டியது நகரசபையின் வேலை, ஹோட்டல்காரரின் வேலையல்ல. ஊரமைப்பும் நில உபயோகமும் ஸ்தல ஸ்தாபனங்களுக்கு உரிய விஷயங்கள் என்று 1992-ம் வருஷத்து 74-வது அரசியல் சட்டத் திருத்தமே சொல்லியிருக்கிறது. அந்தப் பொறுப்பு ஏட்டோடு நின்றுவிடக் கூடாது.

இரண்டாவது, கெடு. பதினான்கு நாளில் சம்மதமோ மறுப்போ காரணத்துடன் எழுத்தில் வர வேண்டும். வராவிட்டால், ஊருக்குள் உள்ள பந்தலுக்கு அனுமதி கிடைத்ததாகவே கொள்ளலாம். மலைச் சரிவிலும் காட்டோரத்திலும் இந்தச் சலுகை கூடவே கூடாது. அங்கே அதிகாரியின் மௌனம் மறுப்பாகவே கொள்ளப்பட வேண்டும்.

மூன்றாவது, கோடு. பந்தல் எதுவரை வரலாம் என்று தரையில் வெள்ளைக் கோடு போட்டுக் காட்டி, நடப்போருக்கு வழி விட வேண்டும். கோட்டைத் தாண்டிய மேஜை அன்றே லைசென்ஸைத் தின்றுவிடும்.

நான்காவது, தீ. பந்தலுக்குக் கீழே அடுப்புக் கூடாது. இரண்டு பக்கம் வழி, மணல் வாளி, தீயணைப்புக் கருவி, ஒழுங்கான மின்சாரக் கம்பி ஆகியவை கண்டிப்பாக வேண்டும். அடுப்புக்கு அருகில் கிடுகு கூடாது. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் உறுதிமொழி போதாது. அதிகாரி நேரில் வந்து பார்த்தே தீர வேண்டும்.

ஐந்தாவது, ஜாமீன் தொகை. "இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவான்" என்ற பயம் அதிகாரிகளுக்கு இருப்பது நியாயமே. கிடுகு மறைவிலே செங்கல் சுவர் வளருவதை நாம் பார்த்ததில்லையா? ஆகவே குறித்த நாளில் பந்தலைப் பிரித்தால் தொகை திரும்பக் கிடைக்கும். பிரிக்காவிட்டால் தொகையும் போகும், அடுத்த வருஷத்து உத்தரவும் போகும் என்று ஏற்படுத்தலாம்.

ஆறாவது, சீட்டு. யார் பெயரில், எத்தனை சதுர அடி, எந்தத் தேதி வரை, எவ்வளவு கட்டணம் என்பதையெல்லாம் பெரிய எழுத்தில் தமிழில் எழுதிப் பந்தற் காலில் தொங்கவிட வேண்டும். போகிறவர் வருகிறவரெல்லாம் படிக்கட்டும். எல்லோரும் படிக்கும் இடத்தில் கட்டணம் தொங்கும்போது, அதற்கு மேல் ஒரு காசு கேட்க யாருக்கும் துணிவு வராது. இந்தச் சீட்டு கட்சிப் பந்தலுக்கும், கல்யாணப் பந்தலுக்கும், கோவில் பந்தலுக்கும் அப்படியே பொருந்த வேண்டும்.

இவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் புதிய சட்டம் தேவையில்லை. லைசென்ஸ் கொடுக்கும் அதிகாரம் நெடுநாளாக இருந்தே வருகிறது, கிரமம்தான் வேண்டும். அந்தக் கிரமத்தை ஒரு நகரசபை தன் கவுன்சில் தீர்மானத்தால் தொடங்கிவிடலாம். தன் எல்லைக்கு அப்பாற்பட்டதை ராஜ்ய சர்க்காருக்கு எழுதிக் கேட்கலாம்.

போடிநாயக்கனூர் இதைத் தொடங்குவது பொருத்தமாக இருக்கும் என்று நாம் கருதுகிறோம். ஒரு பக்கம் கடைவீதி, மறு பக்கம் யானைக் காடு. எளிதாக்க வேண்டிய உத்தரவும் இறுக்க வேண்டிய உத்தரவும் ஒரே தாலூக்காவில் அடுத்தடுத்து இருக்கின்றன. குரங்கணியின் சாம்பலைக் கண்ட ஊர் அது. அனுமதி என்பது வெறும் காகிதம் அல்ல என்று அதற்கு எவரும் போய்ச் சொல்லத் தேவையில்லை.

அடுத்த சித்திரைக்கு இன்னும் அவகாசம் இருக்கிறது. ஹோட்டல்காரர்கள் தங்கள் சங்கத்தில் கூடி மகஜர் எழுதட்டும். தெரு வியாபாரிகள் தங்கள் குழுவைக் கூட்டும்படி வற்புறுத்தட்டும். கவுன்சிலர்கள் தங்கள் கட்சிப் பந்தலின் காலில் முதல் சீட்டைத் தாங்களே தொங்கவிட்டுக் காட்டட்டும். விடியற்காலையில் மலையேறும் கூலிப் பெண் அந்தப் பந்தலின் கீழே, யாருக்கும் அஞ்சாத கடைக்காரர் கொடுக்கும் டீயைக் குடித்துவிட்டு, தீயின் பயமும் நெரிசலின் பயமும் இல்லாமல் ஜீப்பில் ஏறினால், அந்த நகரசபை தன் கடமையைச் செய்ததென்று நாம் தாராளமாகச் சொல்லுவோம்.